கிரேனுக்கு ஒரு நிமிட மௌனம்

கிள்ளானில் மாதவி என்று ஒரு பெண். அவள் மீது யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. பதினேழு வயதிலேயே தனக்கு என்ன வேலை வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு குறை அவளை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

துறைமுகத்துக்குப் போகும் சாலையோரத்தில் ஓர் அடுக்குமாடியின் மேல்மாடியில் அவள் வீடு. வாசலில் நின்றால் எதிர் புளோக்கின் துணிக்கொடிகளுக்கு மேலே கிரேன்கள் தெரியும். அப்பா நாகையா கொண்டேனர் லோரி ஓட்டுகிறவர். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவோடு லோரியில் போனவள், வேலிக்கு வெளியே வரிசையில் காத்திருந்தபோது அண்ணாந்து பார்த்தாள். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், வீட்டளவு கொண்டேனர் பெட்டியைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல ஒரு லோரியின் முதுகில் வைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மாதவிக்கு வேறு யோசனை வரவில்லை.

நாகையா விசாரித்துப் பார்த்தார். துறைமுக இயந்திரங்களை இயக்கச் சொல்லித்தரும் பயிற்சி நிலையம் ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆள் எடுப்பார்கள். நம் இந்தியர்களுக்கென்று சில இடங்களை இலவசமாக ஒதுக்கி, பொருத்தமான பிள்ளைகளை அனுப்பும் பொறுப்பைப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அகத்தேடல் அறவாரியத்திடம் விட்டிருந்தார்கள். அறவாரியத்தின் சான்றிதழைக் கொண்டுபோனால் இடம். அறவாரியத்தின் முகாமுக்குப் போனால் சான்றிதழ். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமி கொடுத்தாகிவிட்டது. பூசாரியின் பெயர் டாக்டர் கமலநாதன்.

முகாமுக்கு 'உள்ளே ஒரு பயணம்' என்று பெயர். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே கண்டுபிடித்து, அதற்கேற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்க வைப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். மாதவி கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் தாண்டி, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்த மண்டபத்துக்கு எட்டு மணிக்கே வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் நாற்காலி அடுக்கியவர்கள் மட்டும்தான்.

தொடக்க விழாவுக்கு, டத்தோ பட்டம் பெற்ற புரவலர் விமலன் வருவதாக ஏற்பாடு. டத்தோ வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் முகாம் தொடங்க முடியாது. முகாம் தொடங்காமல் பிள்ளைகள் தங்களைத் தேட முடியாது. ஆகவே எல்லோரும் தேடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது போய், பத்து போய், கீழ்க்கடையில் மீன்குழம்பு தாளிக்கும் வாசனை வந்த நேரத்தில் செய்தி வந்தது. டத்தோ வேறொரு விழாவில் மாட்டிக்கொண்டார். அவருடைய பிரதிநிதி வருகிறார். பிறகு அந்தப் பிரதிநிதியும் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். பிரதிநிதியின் பிரதிநிதி வந்து விளக்கேற்றினார். அவர் யாரென்று அவருக்கே அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்து வரவேற்பு. அறிவிப்பாளர் பட்டங்களின் உயரப்படி ஒவ்வொருவராக விளித்துக்கொண்டே வந்தார். நடுவில் கட்டட வாடகைக்கு உதவிய ஒருவரின் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் எழுந்து படியிறங்கத் தொடங்கினார். பாதிப் படியில் பிடித்து, சமாதானம் சொல்லி, ஏற்கெனவே போட்ட பொன்னாடைக்கு மேல் இன்னொன்று போட்டு உட்கார வைத்தார்கள். அன்றைய வெக்கைக்கு இரண்டு பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. சமுதாயத்துக்காக அவர் அதையும் பொறுத்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் கமலநாதன் பேசினார்.

“அன்புச் செல்வங்களே! உங்களுக்கு வேலை இல்லை என்று வெளியே பேசுகிறார்கள். பச்சைப் பொய். வேலை இருக்கிறது. உங்களிடம்தான் நீங்கள் இல்லை! என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் என்னைக் காப்புறுதியில் தேடினேன். கிடைக்கவில்லை. கார் விற்பனையில் தேடினேன். அங்கேயும் இல்லை. ஓர் உணவகம் வைத்துத் தேடினேன். என்னோடு சேர்ந்து என் மைத்துனரும் தொலைந்துபோனார். கடைசியில்தான் ஞானம் பிறந்தது. தேடிக் கிடைக்காதவன் செய்ய வேண்டிய வேலை என்ன? மற்றவர்களைத் தேட வைப்பது! அன்றைக்கு ஆரம்பித்த அறவாரியம் இது. இன்றுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.”

மண்டபம் கைதட்டியது. மாதவியும் தட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் கேவின் என்று பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவுக்கு டயர் கடை. “சாப்பாடு எப்போ தருவாங்க தெரியுமா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான். அவனுக்கு அதைத் தவிர வாழ்க்கையில் வேறு கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் உண்மையான தேடல் ஆரம்பமானது. மாதவியின் குழுவுக்கு வழிநடத்துநர் கோச் சமந்தா. நல்ல மாதிரி; கோபமே வராது. யார் என்ன சொன்னாலும் வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்கார வைத்துப் பழச் சோதனை நடத்தினார்கள். மனிதர்கள் எல்லோரும் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன், பப்பாளி என்று நான்கு வகைக்குள் அடக்கம் என்பது டாக்டர் கமலநாதனின் சொந்த ஆராய்ச்சி. 'காட்டில் நடந்து போகிறீர்கள். எதிரே ஒரு கதவு தெரிகிறது. என்ன செய்வீர்கள்?' என்று முதல் கேள்வி. 'காட்டில் கதவு இருக்காது' என்று மாதவி எழுதினாள். கேவின் 'தெரியாது' என்று எழுதினான். கடைசிக் கேள்வி வரைக்கும் அதையே எழுதினான்.

கேவினுக்கு டுரியான் வந்தது. பிறவித் தலைவனாம். மாதவிக்குக் கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'காய்' என்று காட்டியது.

“பரவாயில்லடா செல்லம்,” என்றார் கோச் சமந்தா. “நீ இன்னும் பழுக்கல. அவ்ளோதான். சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு, உள்ள ஆழமாப் போயி, நீ யாருன்னு பாரு. என்ன தெரியுது?”

மாதவி கண்ணை மூடினாள். “கிரேன் தெரியுது மிஸ்.”

“கிரேனா?”

“ஆமா மிஸ். போர்ட்டுல கிரேன் ஓட்டணும். அதுக்குத்தான் வந்தேன்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. கோச் சமந்தாவின் கை மார்புக்குப் போனது.

“வாவ். பாத்தீங்களா எல்லாரும்? மத்தவங்களத் தூக்கி விடணும்னு இவளுக்குள்ள எவ்ளோ பெரிய ஆசை!”

“மத்தவங்களை இல்ல மிஸ். கொண்டேனரை.”

“கொண்டேனர்னா நீ எதைச் சொல்றே?”

“கொண்டேனரைத்தான் மிஸ். அப்பா லோரியில ஏத்துவாங்களே, அது.”

“அப்பா...” என்று கோச் சமந்தா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அன்றைய அமர்வு முழுக்க மாதவிக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் இறக்கி வைக்கப்படாத சுமை என்ன என்று விசாரணை நடந்தது. நாகையா நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறவர். குடிப்பதில்லை. மகளை அடித்ததும் இல்லை. சுமையே இல்லாததால் சுமை ரொம்ப ஆழத்தில் இருப்பதாக முடிவானது.

அறவாரியத்தின் சிக்கலையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தன்னைத் தேட வருகிறவர்களுக்குத்தான் அங்கே வகுப்பு இருந்தது. கண்டுபிடித்துவிட்டு வருகிறவர்களை என்ன செய்வதென்று அவர்களுடைய கையேட்டில் இல்லை. டாக்டர் கமலநாதனே மாதவியை அறைக்கு அழைத்துப் பேசினார்.

“நீ முன்முடிவோட வந்திருக்கேம்மா. அது ஒரு நோய் மாதிரி. பாத்திரம் நிறைஞ்சிருந்தா நாங்க எங்க ஊத்துறது? முதல்ல நீ காலியாகணும்.”

“காலியாகி, தேடி, திரும்பவும் கிரேனே வந்துச்சுன்னா சார்?”

“அப்ப அது உன்னோட கண்டுபிடிப்பு. இப்ப இருக்கறது வெறும் ஆசை.”

“ரெண்டும் ஒன்னுதானே சார்?”

டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இருபது வருடமாக மேடையில் பேசுகிறவரிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆக, மாதவியைக் காலியாக்கும் சடங்கு நடந்தது. 'விடுவிப்பு அமர்வு' என்று அதற்குப் பெயர். விளக்குகளை அணைத்தார்கள். கீழே பூக்கடையில் வாங்கிய சாமந்திப் பூவைத் தட்டில் கொண்டுவந்தார்கள். மாதவி ஒரு வெள்ளை அட்டையில் கிரேன் படம் வரைந்து தரையில் வைக்க, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கோச் சமந்தா தழுதழுத்த குரலில், “கிரேனே, இவ்வளவு நாள் நீ மாதவியைப் பாத்துக்கிட்டே. நன்றி. இப்ப இவளை விட்டுடு,” என்றார். பிள்ளைகள் வரிசையாக வந்து பூப்போட்டார்கள். பிறகு கிரேனுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். கேவின் அழுதேவிட்டான். யாருக்காக என்று கேட்டதற்கு, தெரியாது, எல்லோரும் சோகமாக இருந்தார்கள் என்றான். அவனுக்கு அன்றைக்குச் சிறந்த பங்கேற்பாளர் விருது கிடைத்தது.

மாதவியிடம், “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள்.

“கிரேன் ஓட்டணும்போல இருக்கு மிஸ்,” என்றாள் அந்தப் பைத்தியம்.

அடுத்தது பெற்றோர் அமர்வு. அம்மா தனலெட்சுமி கையுறைத் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு, தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெற்றோர்களை வட்டமாக உட்கார வைத்து, “உங்க மகள் யாரு?” என்று கோச் சமந்தா கேட்டார்.

“எங்க மூத்தது,” என்றார் தனலெட்சுமி.

“அது உறவு ஆன்டி. அவ யாரு?”

தனலெட்சுமி மாதவியைப் பார்த்தார். மாதவி தரையைப் பார்த்தாள். மற்ற பெற்றோர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் தனலெட்சுமியும் முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அது சரியான பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

திரும்பும்போது கொம்யூட்டரில் சுபாங் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தார்.

“ஏம்மா, அவங்க கேக்கறப்போ எல்லாம் கிரேனு கிரேனுன்னு ஏன் சொல்றே? தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன்லா.”

“தெரியுதேம்மா.”

“தெரிஞ்சா என்ன? எங்க சூப்பர்வைசர் கேட்டா நான் எல்லாத்தையுமா சொல்றேன்? அந்தப் பையன் தெரியாதுன்னு சொல்லியே டுரியானாயிட்டான். உனக்கு அந்த சர்ட்டிபிகேட்டு வேணுமா வேணாமா?”

வேண்டும். அது இல்லாமல் பயிற்சி நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அடுத்த மாதக் கடைசியோடு அங்கே விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். மாதவி இரவெல்லாம் யோசித்தாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவள் கிள்ளான் நிலையம் வருவதற்குள்ளேயே யோசித்து முடித்துவிட்டாள்.

அடுத்த அமர்வில் அவள் எழுந்து நின்று சொன்னாள். “மிஸ், நான் யாருன்னு எனக்குத் தெரியல.”

மண்டபம் அதிர்ந்தது. கோச் சமந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டார். டாக்டர் கமலநாதன் அறையிலிருந்து எழுந்து வந்து கைகுலுக்கினார். உடனே பழச் சோதனை வைத்தார்கள். மாதவி எல்லாக் கேள்விக்கும் 'தெரியாது' என்று அடித்தாள். மங்குஸ்தீன் வந்தது. எல்லோரும் நின்று கைதட்டினார்கள். பொய் சொல்லி இவ்வளவு பாராட்டு வாங்கியது அவளுக்கு அதுவே முதல் தடவை. உள்ளே என்னவோ போல் இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தால் அதுவும் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

சான்றிதழ் வந்தது. அச்சாகி, அவள் பெயர் போட்டு, அறவாரிய அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. மாதவி அதைக் கண்ணாலேயே பார்த்தாள். கையை நீட்டினாள்.

“அதெல்லாம் இப்பத் தரமாட்டோம்மா,” என்றார் டாக்டர் கமலநாதன். “நிறைவு விழாவுல டத்தோ கையால வாங்கணும்.”

“எப்ப சார் விழா?”

“டத்தோ தேதி கொடுக்கணும்.”

டத்தோ அப்போது சென்னையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். திரும்பி வந்தவர் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போனார். அப்புறம் ஒரு தேதி கொடுத்தார். மாதவிக்குப் பாதி உயிர் வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் விண்ணப்பம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் டத்தோவுக்குப் பட்டம் உயர்ந்து டத்தோஸ்ரீ ஆனார்.

பட்டம் உயர்ந்ததற்காக அறவாரியம் பத்திரிகையில் அரைப்பக்க வாழ்த்து போட்டது. சான்றிதழ்களில் எல்லாம் வெறும் டத்தோ என்று அச்சாகியிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தார்கள். பதாகையிலும் டத்தோ. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளிலும் டத்தோ. டத்தோஸ்ரீயை டத்தோ என்று போட்ட காகிதத்தை டத்தோஸ்ரீ கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பொன்னாடைக்காரர் ஒரு பட்டத்துக்காகப் படியிறங்கியதை யாரும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அச்சடிக்க அனுப்பினார்கள். விழா தள்ளிப்போனது.

மாதவி பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினாள். அப்பா நாகையாவும் லோரியை எங்கோ நிறுத்திவிட்டு வேலைச் சட்டையோடு வந்தார்.

“சார், அந்தப் பழைய சர்ட்டிபிகேட்டையே கொடுங்க சார். போர்ட்டுக்காரன் டத்தோவா டத்தோஸ்ரீயான்னு பாக்கமாட்டான். பிள்ளை பேரு இருந்தாப் போதும்.”

“நீங்க சாதாரணமாச் சொல்லிட்டீங்கண்ணே,” என்றார் டாக்டர் கமலநாதன். “மேடையில வாங்காதது சான்றிதழே இல்ல. வெறும் தாளு. போட்டோ இல்லாம நாங்க ஒன்னு கொடுத்தோம்னு எப்படி நிரூபிக்கிறது?”

“ஒரு கடுதாசியாச்சும் கொடுங்க சார். பிள்ளை முடிச்சிட்டான்னு.”

“கடுதாசியில டத்தோஸ்ரீ கையெழுத்து வேணுமே.”

நாகையா கைகூப்பினார். மகளுக்கு முன்னால் அப்பா கைகூப்பி நின்றதைப் பார்க்க மாதவியால் முடியவில்லை. “வாங்கப்பா போலாம்,” என்று இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வாழையிலைக் கடையில் கூட்டம் வழிந்தது. நாகையா சாப்பிடலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசி நாளன்று மாதவி பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்த மலாய்க்கார அக்கா அன்பாகத்தான் பேசினார். சிஜில் என்கிற அந்தச் சான்றிதழ் இல்லாமல் பெயரைப் பதிய முடியாது, மன்னிக்கணும் தங்கச்சி என்றார். பக்கத்திலேயே யாரிடமோ, இந்தியர் இடத்துக்கு இந்த வருசமும் யாரும் வரலை என்று அவர் சொன்னதும் போனில் கேட்டது.

அதற்கும் பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, நிறைவு விழா நடந்தது. டத்தோஸ்ரீ வரவில்லை. அவருடைய ஆளுயரப் படத்தை அட்டையில் வெட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அட்டைக்குப் பக்கத்தில் நின்று சான்றிதழை வாங்கிக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இறங்கினார்கள். மாதவியும் ஏறினாள். அட்டை டத்தோஸ்ரீ சிரித்துக்கொண்டிருந்தார். இந்த அட்டையை அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தாள். “சிரிம்மா,” என்றார் படம் பிடித்தவர். சிரித்தாள்.

பிறகு டாக்டர் கமலநாதன் பேசினார். அன்றைக்கு அவர் குரலில் வேதனை இருந்தது.

“என் இதயம் வெடிக்கிறது. துறைமுகப் பயிற்சி நிலையத்தில் நம் சமுதாயத்துக்கென்று இடம் ஒதுக்கித் தந்தார்கள். இலவசமாக! ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை விண்ணப்பித்ததா? இல்லை! இனி நமக்கு அந்த இடம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். கேட்டால் நமக்கு வாய்ப்பில்லை என்கிறோம். வாய்ப்பு வந்து கதவைத் தட்டினால் தூங்குகிறோம். நம் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்றே தெரியவில்லை! அதனால்தான், உள்ளே ஒரு பயணத்தை அடுத்த ஆண்டு இரண்டு மடங்காக நடத்தப்போகிறோம்!”

முதல் வரிசையில் மாதவி மடியில் சான்றிதழோடு உட்கார்ந்திருந்தாள். நாகையா பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கேவின் விரல் நோகத் தட்டினான். அவன் தன்னைத் தேடி முடித்துவிட்டு அப்பாவின் டயர் கடைக்குப் போவதாக இருந்தான். தேடாமல் இருந்தாலும் அங்கேதான் போயிருப்பான். கொடுத்து வைத்தவன்.

சும்மா வீட்டில் இருந்த மாதவியைச் சில மாதம் கழித்து கோச் சமந்தாவே கூப்பிட்டார். முகாமை இரண்டு மடங்காக்கியதில் ஆள் போதவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன்ல? மத்தவங்களைத் தூக்கி விடுறதுதான் உன் பிறவின்னு,” என்றார். வேறு வேலை ஒன்றும் அமையவில்லை. மாதவி வழிநடத்துநர் சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதுகில் மங்குஸ்தீன் படம் போட்டிருந்தது.

அவளுடைய முதல் குழுவில் காப்பாரிலிருந்து அமுதவள்ளி என்று ஒரு பெண் வந்திருந்தாள். சோதனையில் அவளுக்குக் காய் வந்தது. என்ன தெரிகிறது என்று கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“ரொட்டி சுடணும் மிஸ். பேக்கரிக்குப் படிக்கணும்.”

மாதவி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, “தெரியாதுன்னு சொல்லு,” என்றாள்.

“ஏன் மிஸ்? எனக்குத்தான் தெரியுமே.”

“சொல்றதைக் கேளு. தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ.”

“பொய் சொல்லக் கூடாது மிஸ்,” என்றாள் அமுதவள்ளி, மண்டபத்துக்கே கேட்கும்படி.

பேச்சுச் சத்தம் நின்றது. கோச் சமந்தா தலையைச் சாய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அறைக் கதவைத் திறந்து டாக்டர் கமலநாதனும் எட்டிப் பார்த்தார். எல்லோரும் மாதவியின் வாயையே பார்த்தார்கள். வலது கை தானாகவே மார்புக்குப் போனது.

“ரொட்டின்னா நீ எதைச் சொல்றே?” என்று கேட்டாள்.

“ரொட்டியைத்தான் மிஸ்.”

மாதவி சாமந்திப் பூ வாங்கக் கீழே போனாள்.